பிட்ஸ்பர்க்கில் பொழுது எப்படிப் போகும்?

சென்னையில் இருந்து ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தார்: "அண்ணே, கம்பெனியில பிட்ஸ்பர்க் போகச் சொல்றாங்க. நியூஜெர்சி, டல்லாஸ்னா நம்மாளுங்க நிறைய இருப்பாங்க. அங்க சனி ஞாயிறு எப்படிப் பொழுது போகும்? ஒய்ஃப் ரொம்பப் பயப்படுறா." ரெண்டு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. அவருக்கு மட்டும் அனுப்புவானேன், இங்கேயே போட்டுவிடுகிறேன்.

முதல் மூன்று மாதத்துக்குக் கவலையே வேண்டாம் தம்பி. ஊரே வேடிக்கை காட்டும். மவுண்ட் வாஷிங்டன் மலைச்சரிவில் 1870-ல் போட்ட இன்க்ளைன் இன்னும் ஓடுகிறது. கம்பிவடத்தில் இழுபட்டு ஏறும் பெட்டி, நம் பழனி விஞ்ச் மாதிரியேதான். மேலே போய் நின்றால் அலெகெனி ஆறும் மொனொங்ககெலா ஆறும் கூடி ஒஹையோவாகக் கிளம்புவது ஒரே பார்வையில் தெரியும். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு அது முக்கூடல். 446 பாலங்கள் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகக் கணக்குச் சொல்வார்கள். 1893-ல் கட்டிய ஃபிப்ஸ் கண்ணாடித் தோட்டம், இந்த ஊரில் பிறந்த ஓவியர் ஆண்டி வார்ஹோல் பெயரில் ஏழு மாடி மியூசியம், 1898-ல் திறந்த கென்னிவுட் ராட்டினப் பூங்கா எல்லாம் இருக்கின்றன. ஊரில் இருந்து மாமனார் மாமியார் வந்தால் மறுபடியும் ஒரு சுற்று போகலாம்.

அப்புறம் நவம்பர் வரும். ஐந்து மணிக்கே இருட்டிவிடும். வானம் நாள்கணக்கில் சாம்பல் பூசிக்கொண்டு கிடக்கும். சனிக்கிழமை காலையில் காபி டம்ளரோடு புருஷனும் பொண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பீர்கள், "இன்னைக்கு என்ன?" என்று. காசு கொடுத்து வாங்குகிற பொழுதுபோக்கு அத்தோடு தீர்ந்தது.

நம்மாட்கள் இல்லை என்று சொன்னவர் யாரோ, அவருக்கு க்ரான்பெர்ரி, மன்ரோவில் பக்கமெல்லாம் தெரியாது போல. வந்த ரெண்டாவது மாதமே உங்களை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிடுவார்கள். "ரசம் யாரு? அப்பளம் யாரு?" என்று பாட்லக் ஆரம்பிக்கும். நீளமான அலுமினிய ட்ரேயில் ஏழு வீட்டுப் பிரியாணி வரும், தயிர்ப் பச்சடி மட்டும் எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆண்கள் ஹாலில், பெண்கள் கிச்சனில், பிள்ளைகள் பேஸ்மெண்டில். ஹாலில் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு, வீட்டுக் கடன் வட்டி, யார் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள். பாட்லக்கை நான் பழிக்க மாட்டேன். என் மகளுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி கஞ்சியும் தெர்மாமீட்டரும் கொண்டுவந்தது அந்தக் கூட்டம்தான். ஆனால் ரெண்டு வருஷம் அந்தச் சோபாக்களிலேயே உட்கார்ந்திருந்ததில், நாங்கள் இருப்பது பிட்ஸ்பர்க்கா, பக்கத்து மாநிலத்துக் கொலம்பஸ் நகரமா என்று கேட்டால் வித்தியாசம் சொல்லத் தெரியாத நிலைக்கு வந்திருந்தோம்.

ஆபீஸ்காரர்கள்? "ஒருநாள் சேர்ந்து சாப்பிடலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நம் ஊரில் பஸ் ஏறும்போது "வீட்டுப் பக்கம் வாங்க ஒருநாள்" என்கிறோமே, அதே ரகம். தேதி குறிக்க மாட்டார்கள். நான் முதல் வருஷம் முழுக்க அதை நம்பிக் காத்திருந்தேன். இதில் இன்னொரு கூத்து. மீட்டிங் முடிந்து வெளியே வரும்போது கூட வேலை பார்ப்பவர் காதோரம் வந்து, "கென்னிவுட் திறந்திருக்கு" என்றார். அடடா, நம்மைக் கூப்பிடுகிறாரே என்று, "சனிக்கிழமை போலாமா? குடும்பத்தோட வர்றேன்" என்றேன். மனுஷன் தவித்துப் போய்விட்டார். பேண்ட் ஜிப் திறந்திருக்கிறது என்பதை இந்த ஊரில் அப்படித்தான் நாசூக்காகச் சொல்வார்கள் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

கால்பந்து ஒரு வழி. கையால் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஊர் அணியான ஸ்டீலர்ஸ் ஆட்டம் என்றால் கடைத்தெரு வெறிச்சோடிவிடும், பாட்டிமார் கூடக் கருப்பும் மஞ்சளுமாக உட்கார்ந்திருப்பார்கள். மைரன் கோப் என்ற வானொலி வர்ணனையாளர் 1975-ல் கிளப்பிவிட்ட மஞ்சள் துண்டு ஒன்று உண்டு, டெரிபிள் டவல். நம் கட்சிக்காரர்கள் தோளில் போடுவதை இவர்கள் தலைக்கு மேல் சுழற்றுகிறார்கள். அதன் உரிமையை 1996-ல் மாற்றுத்திறனாளிகளுக்கான அலெகெனி வேலி ஸ்கூலுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். விற்கிற துண்டின் வருமானம் அங்கே போகிறது. நாலு வாய்ப்பில் பத்து கெஜம் முன்னேற வேண்டும் என்ற விதியை மட்டும் தெரிந்துகொண்டு வாருங்கள், லிஃப்டில் பேசப் போதும். ஆனால் லிஃப்டுக்கு வெளியே அது உங்களை எங்கேயும் கொண்டு சேர்க்காது.

எனக்குக் கதவு திறந்தது ஒரு மீன் கடையில். கடை என்று கூடச் சொல்லக்கூடாது, சர்ச் ஹால்.

நான் தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் பக்கம் வளர்ந்தவன். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை என்றாலும் தவக்காலம் என்றால் என்ன என்று தெரியும். வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது. பிட்ஸ்பர்க்கில் இது ஊர்த் திருவிழாவாகவே ஆகிவிட்டது. சாம்பல் புதன் தொடங்கிப் பெரிய வெள்ளி வரை, வெள்ளிக்கிழமைதோறும் சர்ச் ஹால்களிலும் தன்னார்வத் தீயணைப்பு நிலையங்களிலும் மீன் பொரித்து விற்பார்கள். ஃபிஷ் ஃப்ரை என்று பெயர். எங்கெங்கே என்று இணையத்தில் வரைபடமே உண்டு. கும்பிட வந்தவரா என்று யாரும் கேட்பதில்லை, வரிசையில் நின்றால் போதும். பன் உள்ளங்கை அளவு இருக்கும், உள்ளே வைத்த மீன் ரெண்டு பக்கமும் முழம் நீட்டிக்கொண்டு நிற்கும். கூடவே போலந்து, ஸ்லோவாக்கியா பக்கமிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பியரோகி. சோமாசி வடிவத்தில் செய்து, உள்ளே உருளைக்கிழங்கும் சீஸும் வைத்து, வேகவைத்து வெண்ணெயில் புரட்டியது. மீன், காட் என்கிற குளிர்கடல் மீன். மசாலா இல்லை, மிளகாய் இல்லை, எலுமிச்சை மட்டும். சீலா மீன் தின்று வளர்ந்த நாக்குக்கு முதல் நாள் அழுகையே வந்தது. ரெண்டாவது வாரம் பையில் மிளகாய்ப்பொடி டப்பாவோடு போனேன்.

நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, வரிசையில் எனக்கு முன்னால் ரெண்டு பேர்தான். ட்ரே தூக்குகிற பையன் அன்றைக்கு வரவில்லை. கவுண்டரில் இருந்த பாட்டிக்கு எண்பது வயதுக்குக் குறையாது. கனமான ட்ரேயைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். "யின்ஸ்ல யாருக்காவது முதுகு நல்லா இருக்கா?" என்று கேட்டார். யின்ஸ் என்பது இந்த ஊர்ப் பேச்சு, நீங்கள் எல்லோரும் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் தொலைந்துபோன பன்மையை இவர்கள் தனியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன். ஆபீஸ் சட்டையோடு உள்ளே போனவன் எட்டரை மணிக்குத்தான் வெளியே வந்தேன். காரில் ஏறி வீட்டுக்கு வந்தால், "ஆபீஸுக்குப் போனீங்களா, பஜ்ஜிக் கடைக்குப் போனீங்களா?" என்கிறாள் வீட்டுக்காரி.

அடுத்த வெள்ளி நான் கேட்காமலேயே எனக்கு ஒரு ஏப்ரன் எடுத்து வைத்திருந்தார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான் தம்பி. இந்த ஊர்க்காரர்கள் உங்களை லேசில் வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் வேலைக்குக் கூப்பிடுவார்கள், அதுவும் உடனே. நாம் எல்லாப் பழக்கத்தையும் விருந்தில் ஆரம்பித்துப் பழகியவர்கள். இவர்களுக்கு விருந்து கடைசியில்தான் வருகிறது. முகத்தை முகம் பார்த்துப் பேசு என்றால் இருபது நிமிஷத்தில் வானிலை தீர்ந்துவிடும். பக்கத்தில் நின்று முட்டைக்கோஸ் நறுக்கு என்றால் மூன்று மணி நேரத்தில் அப்பா எந்த ஸ்டீல் மில்லில் வேலை பார்த்தார், மகன் ஏன் டெக்ஸஸ் போனான் என்பதெல்லாம் தானாக வரும்.

அதனால்தான் டல்லாஸைவிட இந்த ஊர் மேல் என்கிறேன், அடிக்க வராதீர்கள். 1950-ல் இந்த நகரத்தில் ஆறே முக்கால் லட்சம் பேர். 2020 கணக்கெடுப்பில் மூன்று லட்சம் சொச்சம். பலர் புறநகருக்குக் குடிபோனார்கள். எண்பதுகளில் இரும்பாலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது இளவட்டங்கள் பிழைப்பு தேடி வெளியூர் போய்விட்டார்கள். சர்ச் ஹாலில் அடுப்பு முன்னால் நிற்பவர்களின் வயதைப் பார்த்தாலே தெரியும். வளர்ந்துகொண்டே இருக்கிற ஊருக்கு நீங்கள் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். இங்கே ட்ரே தூக்க ஆள் வேண்டும்.

உங்கள் மனைவி பயப்படுவது நியாயம். வேலைக்குப் போகிறவனுக்கு ஆபீஸாவது இருக்கிறது. வேலைக்கு வருபவரின் துணைக்குத் தருகிற ஹெச்-4 விசாவில் வேலை அனுமதியில்லாமல் வந்து, பனியில் கார் ஓட்டப் பழகாமல் வீட்டுக்குள் இருப்பவருக்கு நவம்பர் இன்னும் நீளம். என் வீட்டில் அது மோசமாகவே இருந்தது. நான் மீன் பொரித்துக்கொண்டு திரிந்த நேரத்தில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை. பென் ஹில்ஸ் குன்றின் மேல் 1976-ல் எழுந்த வேங்கடேஸ்வரர் கோயிலுக்கு மாதம் ஒருமுறை போவோம், கும்பிடுவோம், கீழே புளியோதரையும் தயிர்சாதமும் வாங்கிச் சாப்பிடுவோம், திரும்புவோம். இத்தனை தடவை போயும் அங்கே ஒருவர் பெயரும் தெரியாது. ஒரு புரட்டாசி சனிக்கிழமை கூட்டம் அலைமோதியபோது, ஒரு தெலுங்கு மாமி இவளைப் பார்த்து, "அம்மா, இந்த டப்பாக்களுக்கு மூடி போட்டுத் தர்றியா?" என்றார். மூடி போட்டாள். இன்றைக்கு அந்த மாமிதான் இவளுக்கு இந்த ஊரில் அம்மா ஸ்தானம். பனியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

வீட்டுக்கு அழைப்பு கடைசியில் வந்ததா என்றால், வந்தது, கல்யாணத்துக்கே வந்தது. அந்தப் பாட்டியின் பேத்திக்குக் கல்யாணம். இங்கே ஒரு வழக்கம் உண்டு, குக்கி டேபிள் என்பார்கள். சொந்தபந்தம், அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் ஆளுக்கு நாலைந்து டஜன் பிஸ்கட் சுட்டுக்கொண்டு வந்து, ஒரு மேஜை முழுக்க அடுக்குவார்கள். கேக் எல்லாம் ரெண்டாம்பட்சம். கிட்டத்தட்ட மொய் மாதிரி, யார் எத்தனை கொண்டுவந்தார்கள் என்று வாய்க்கணக்கும் உண்டு. "உன் வீட்டில் என்ன செய்வீங்க?" என்று கேட்டபோது இவள் வாயைவிட்டுவிட்டாள்: தூத்துக்குடி மக்ரூன்.

ரெண்டு ராத்திரி எங்கள் கிச்சன் பட்ட பாடு! முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரை, முந்திரிப்பொடி கலந்து, கூம்பாகப் பிழிந்து, குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் உலர வைக்க வேண்டும். முதல் தட்டு கூம்பாக நிற்காமல் அப்படியே தளர்ந்து அப்பளமானது. ரெண்டாவது தட்டு தீய்ந்தது. மூன்றாவது ஓரளவு நின்றது, கொஞ்சம் சாய்ந்த கோபுரங்கள். ஊரில் இதைக் கடையில் வைத்தால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முந்திரி இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதிப் பக்கத்தில் வைத்தோம். எட்டு மணிக்குள் தட்டு காலி. சொந்தக்காரர் ஒருவர் கடைசி நாலைக் காகிதத் துண்டில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டதை நானே பார்த்தேன்.

எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சர்ச் ஹாலில் ஒரு பெரியவர் மூன்று வருஷமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, ட்ரேயை மட்டும் நீட்டுவார். இன்னொருவர் ஒவ்வொரு வருஷமும் எந்த நாடு என்று புதிதாகக் கேட்பார். ரெண்டு வேலை பார்த்துக் குடும்பம் ஓட்டுகிறவரிடம் போய் வெள்ளி சாயங்காலம் சும்மா வந்து வெங்காயம் உரி என்று சொல்ல எனக்கு வாயும் வராது. எனக்கு நேரம் இருந்தது, அவ்வளவுதான்.

பனிக்காலத்தில் ஒன்று மட்டும் கவனம். வீட்டு முன்னால் பனியை வாரி ஒதுக்கி கார் நிறுத்த இடம் செய்தவர், போகும்போது அங்கே பழைய நாற்காலி ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்போமே, அதேதான். சட்டமெல்லாம் கிடையாது. ஆனாலும் நாற்காலியை நகர்த்திவிடாதீர்கள், ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

எந்த மாதம் வருகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே தம்பி. பிப்ரவரிக்குள் என்றால் சொல்லுங்கள். இந்த வருஷம் கோல்ஸ்லாவுக்கு முட்டைக்கோஸ் நறுக்க ஆள் குறைகிறது. வியாழன் ராத்திரி ஏழு மணிக்கு, ஹாலின் பின்பக்க வாசல். ஏப்ரன் அவர்களே தருவார்கள். மிளகாய்ப்பொடி என்னிடம் இருக்கிறது.