கட்டிப்போட்டு வளர்க்கிற ஆட்டுக்குக் குளம்பு வெட்டியே ஆகணும்

"ஆட்டுக் குளம்பு தானா தேயும், கத்தியே வைக்கக் கூடாது"ன்னு ஒரு அண்ணன் சொன்னது, பாறையிலயும் கரட்டுலயும் மேயுற ஆட்டுக்குத்தான் பொருந்தும். வடசென்னையில வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் வாசல்ல கட்டி வளர்க்கிற ஆடு அந்த அளவுக்கு எங்க நடக்குது?

குளம்பு நம்ம நகம் மாதிரி வளர்ந்துகிட்டே இருக்கும். தேயாத ஓரம் உள்ளே மடிஞ்சு, அதுக்குள்ள சாணியும் சேறும் அடைச்சுக்கும். காத்துப் படாத அந்த இடத்துலதான் குளம்பழுகல் கிருமி பெருகும். ஐப்பசி, கார்த்திகையில தெருவெல்லாம் தண்ணி தேங்குற நமக்கு இது சின்ன விஷயமே இல்ல.

ரத்தம் வரும்னு பயப்படுறது நியாயம்தான். முதல்தடவை செய்றவங்க ஆட்டைச் சுவரோரமா குட்டையாக் கட்டி, காலை மடக்கிப் பிடிச்சு, அழுக்கைச் சுரண்டிட்டு, மடிஞ்ச ஓரத்தை மட்டும் வெட்டுங்க. பாதி வேலை அதுலயே முடிஞ்சிடும். அப்புறம் அடிப்பாகத்தை மெல்லிசா சீவும்போது லேசா ரோஸ் நிறம் தெரிஞ்சா உடனே நிறுத்திடணும். கருப்புக் குளம்புல நிறம் தெரியாது. கட்டைவிரலால அழுத்திப் பாருங்க, அமுங்கினா அதுக்கு மேல வேண்டாம். குளம்போட பின்பக்கக் குதியையும் சேர்த்துச் சீவுங்க. மேலே முடி முடியிற வரிக்கு இணையா அடி இருந்தாத்தான் ஆடு காலை ஒழுங்கா ஊனும்.

6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை பார்த்தா போதும். நிறைசினை ஆட்டோட மட்டும் மல்லுக்கட்டாதீங்க. குளம்பு நாறினாலோ, நொண்டுறதோட வாய்ப்புண்ணும் இருந்தாலோ வெட்ட உட்காராம வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓட்டிட்டுப் போங்க. வாயிலயும் கால்லயும் புண் வர்ற கோமாரி நோயாக்கூட இருக்கலாம்.