கிளாப் ஸ்கேட்டும் எல்லோரும் மறந்துபோன 1996-97 சீசனும்

பனித்தளத்தில் வேகமாகச் சறுக்கும் பந்தயத்தில் போடும் கிளாப் ஸ்கேட் என்ற காலணி பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் 1998 நாகானோ ஒலிம்பிக்கில் போய்த்தான் நிற்பார்கள். நெதர்லாந்தின் கியானி ரோம்மெ 10,000 மீட்டரை 13 நிமிடம் 15.33 விநாடியில் முடித்தார், சாதனைகள் எல்லாம் சரிந்தன, நெதர்லாந்துக்காரர்கள் உடையில் ஏதோ பட்டை ஒட்டிக்கொண்டு வந்தார்கள், அப்படி இப்படி என்று. எனக்கு இதில் ரொம்ப நாளாக ஒரு கடுப்பு உண்டு. அந்தக் கதை தொடங்கியது அதற்கு முந்தைய குளிர்காலத்தில், 1996-97 சீசனில், நெதர்லாந்துப் பெண்கள் அணியில். ஆண் நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஒரு வருடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார்கள். பெயர் மட்டும் அவர்களுக்கு!

தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். ஹவாய்ச் செருப்பு போட்டு வேகமாக நடந்தால் ‘சடக் சடக்’ என்று சத்தம் வருமே, குதிகால் மேலே போய்விடும், செருப்பின் பின்பக்கம் கொஞ்சம் பின்தங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். கிளாப் ஸ்கேட்டும் கிட்டத்தட்ட அதுதான். பழைய ஸ்கேட்டில் பிளேடு முன்னும் பின்னும் காலணியோடு இறுகப் பிடித்திருக்கும். உதைக்கும்போது கணுக்காலை நீட்டினால் பிளேடின் நுனி பனியில் குத்தி வேகத்தைக் கெடுத்துவிடும். அதனால் சின்ன வயதிலிருந்தே கணுக்காலை நீட்டாமல் தள்ளப் பழக்குவார்கள். கெண்டைக்காலில் அவ்வளவு பெரிய தசை இருந்தும் அதற்குப் பாதி வேலைதான். புது ஸ்கேட்டில் விரல்களுக்குப் பின்னால் ஒரு கீல், கூடவே ஒரு ஸ்பிரிங். குதிகால் எழும்பினாலும் பிளேடு முழுசாகப் பனியிலேயே கிடக்கும், கால் கடைசிவரை நீண்டு தள்ளும், அப்புறம் ஸ்பிரிங் இழுத்து ‘கிளாப்’ என்று மூடும்.

இதை உருவாக்கியவர் ஆம்ஸ்டர்டாமின் ஃப்ரீ யுனிவர்சிட்டியில் இருந்த உடலியக்க ஆய்வாளர் ஹெரிட் யான் வான் இங்கன் ஸ்கேனாவும் அவருடைய குழுவும். எண்பதுகளிலேயே மாதிரி தயார். ஆனால் காலில் மாட்டிப் பார்க்கப் பெரிய ஆள் யாரும் முன்வரவில்லை. நியாயம்தான், இருபது வருடம் ஒரு மாதிரி பழகிய காலை ஒரு பேராசிரியர் சொன்னார் என்பதற்காக யார் மாற்றுவார்கள்? 1994-95இல் ஒரு மாகாணத்து இளையோர் போட்டு ஓடி, மற்றவர்களைவிட நன்றாகவே முன்னேறிக் காட்டினார்கள். அதற்கும் பெரியவர்கள் அசையவில்லை.

பெண்கள் அணி ஏன் அசைந்தது? என் கணிப்பு இதுதான்: எதிரே குண்டா நீமன் இருந்தார். அந்தக் காலத்துப் பெண்கள் நீண்ட தூரப் போட்டி என்றால் இந்த ஜெர்மானியர்தான். 1992 ஒலிம்பிக்கில் 3000, 5000 இரண்டிலும் தங்கம். 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்கில் 3000 மீட்டரில் வழுக்கி விழுந்தார், அப்படி விழுந்தால்தான் மற்றவர்களுக்கு வாய்ப்பு என்ற நிலை. அதே வருடம் மார்ச்சில் கால்கரியில் 3000 மீட்டரை 4 நிமிடம் 9.32, 5000 மீட்டரை 7 நிமிடம் 3.26 என்று ஓடி இரண்டு உலக சாதனையையும் எடுத்துக்கொண்டார். நாலு தூரத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஐரோப்பிய ஆல்ரவுண்ட் பட்டம் 1994, 95, 96 என்று வரிசையாக அவரிடமே. இப்படி ஒருவர் இருக்கும்போது இரண்டாம், மூன்றாம் இடத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஆளுக்கு இழக்க என்ன இருக்கிறது? நெதர்லாந்து ஆண்கள் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்குக் காலணியை மாற்ற என்ன அவசரம்?

அதற்காக இதைச் சும்மா துணிச்சல் என்று தாண்டிப் போகவும் எனக்கு மனம் வரவில்லை. ஒலிம்பிக்குக்கு ஒரே ஒரு வருடம் இருக்கும்போது, பயிற்சியாளர் சைட்யெ வான் டெர் லெண்டெயின் அணியில் டோனி டி யோங், கார்லா ஸைல்ஸ்ட்ரா, பார்பரா டி லோர் எல்லோரும் உதைக்கும் விதத்தையே திரும்பக் கற்றார்கள். 500 மீட்டர் என்றால் தவறு தெரிவதற்குள் முடிந்துவிடும். 5000 மீட்டர் என்பது 400 மீட்டர் தடத்தில் பன்னிரண்டரை சுற்று. பழகாத உதை ஒன்று பன்னிரண்டு சுற்றும் கூடவே வரும், கடைசி நாலு சுற்றில் தொடை எரியும்போது கால் தானாகப் பழைய பழக்கத்துக்குத்தான் ஓடும்.

1997 ஜனவரி, நெதர்லாந்தின் ஹீரன்வீன் ஊர், தியால்ஃப் அரங்கம், ஐரோப்பிய ஆல்ரவுண்ட் போட்டி. அதற்கு ஒரு வாரம் முன்புதான், ஜனவரி 4 அன்று, அந்த ஊர் இருக்கும் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் கால்வாய்கள் உறைந்து பதினோரு நகரங்களைச் சுற்றும் 200 கிலோமீட்டர் சறுக்கு ஓட்டம் நடந்திருந்தது (அதற்கப்புறம் இன்றுவரை அங்கே பனி அந்த அளவுக்கு உறையவே இல்லை). நாடே அந்த மயக்கத்தில் இருந்த நேரம். அதே ஃப்ரீஸ்லாந்தில், சொந்த மண்ணில், டோனி டி யோங் கிளாப் ஸ்கேட்டில் ஓடி குண்டா நீமனை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிப் பட்டத்தை வாங்கினார். 500, 1500, 3000, 5000 நான்கையும் ஓடி, நேரத்தைப் புள்ளியாக்கிக் கூட்டுகிற போட்டி அது. ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் ஜெயிக்க முடியாது.

உடனே உலகம் மாறியதா என்றால் இல்லை. அடுத்த மாதமே உலக ஆல்ரவுண்ட் பட்டத்தை நீமன் பழைய ஸ்கேட்டிலேயே வென்றார். வார்சாவில் நடந்த உலகத் தனித்தூரப் போட்டியிலும் 3000, 5000 இரண்டும் அவருக்கே. “பார்த்தீர்களா, பழையதே போதும்” என்று சொல்ல நினைத்தவர்களுக்குச் சாட்சி கையிலேயே இருந்தது. இந்த ஸ்கேட்டைத் தடை செய்ய வேண்டும் என்ற பேச்சுகூட எழுந்தது, நல்லவேளை நடக்கவில்லை. அந்தச் சீசனை நான் முக்கியமாக நினைப்பதே இந்தக் குழப்பத்தால்தான். முடிவு தெளிவாகத் தெரிந்த பிறகு மாறுவதில் என்ன பெருமை இருக்கிறது?

அடுத்த வருடம் எல்லோர் காலிலும் அதுதான். நீமன் காலிலும். நாகானோவில் 3000 மீட்டரில் நீமன், கிளௌடியா பெக்ஸ்டைன், ஆனி ஃப்ரீஸிங்கர் என்று மூன்று பதக்கமும் ஜெர்மனிக்கு. 5000 மீட்டர் இன்னும் பிரமாதம்: முதலில் ஓடிய நீமன் 6 நிமிடம் 59.65, பின்னால் வந்த பெக்ஸ்டைன் 6 நிமிடம் 59.61. அதுவரை எந்தப் பெண்ணும் ஏழு நிமிடத்துக்குள் ஓடியதில்லை, ஒரே நாளில் இரண்டு பேர், நடுவில் வெறும் 0.04 விநாடி. மூன்றாவது கஜகஸ்தானின் லுட்மிலா ப்ரோகஷெவா. டோனி டி யோங்குக்கு ஒரு பதக்கமும் இல்லை. ஸைல்ஸ்ட்ராவுக்கும் இல்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கிணறு வெட்டியவர் ஒருவர், தண்ணீர் இறைத்தவர் இன்னொருவர். நீமன் மேலும் பெக்ஸ்டைன் மேலும் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது, அவர்கள் எந்த ஸ்கேட்டிலும் ஜெயித்திருப்பார்கள். என் சண்டை எல்லாம் கதை சொல்கிறவர்களோடுதான். ஆண்கள் அணியும் பேராசிரியரும் வருகிற கதையில் நடுவே ஒரு முழுக் குளிர்காலம் காணாமல் போகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆண்களுக்கு ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் 1924 முதல் உண்டு. பெண்களுக்கு 5000 மீட்டர் வந்ததே 1988இல், கால்கரியில். அதற்குமேல் தூரம் அவர்களுக்கு இன்னும் கிடையாது, உலகக் கோப்பையில்கூட ஒரு சீசனுக்கு 5000 ஓரிரு முறை வந்தால் பெரிது, மிச்சமெல்லாம் 3000. ஏன் என்று கேட்டால் நேரம் ஆகும், டிவிக்குச் சரிவராது என்பார்கள். ஆண்களின் பத்தாயிரம் மட்டும் டிவிக்கு இனிக்கிறதாக்கும். சரி, அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம், மணி ஒன்றரை ஆகிவிட்டது, காலையில் வேலைக்குப் போகணும்.