மெக்டொனால்ட் ஆவணப்படத்துக்கு 'இறங்கி வந்தவர்' இல்லை

இயக்குநர் கெவின் மெக்டொனால்ட் 'தி லாஸ்ட் கிங் ஆஃப் ஸ்காட்லாந்து' படத்துக்காக ஆஸ்கர் வாங்கினார், பிறகு மார்க்கெட் போனதால் ஆவணப்படம் பக்கம் ஒதுங்கினார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வரிசையே தலைகீழ்.

அவர் ஆஸ்கர் வாங்கியது ஆவணப்படத்துக்குத்தான். 1972 மியூனிக் ஒலிம்பிக் படுகொலையைப் பற்றிய 'ஒன் டே இன் செப்டம்பர்', 2000-இல் நடந்த விழாவில் பரிசு பெற்றது. தயாரிப்பாளர் ஆர்தர் கோனுடன் சேர்ந்து வாங்கினார். 'லாஸ்ட் கிங்' வந்தது 2006-இல். அதற்குக் கிடைத்த ஆஸ்கர் உகாண்டா சர்வாதிகாரி இடி அமீனாக நடித்த ஃபாரஸ்ட் விட்டேக்கருக்கு, இயக்குநருக்கு அல்ல.

நடுவில் வந்த 'டச்சிங் தி வாய்ட்' (2003) ஆவணப்படத்தைப் பார்த்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. பெரு நாட்டு மலையில் கூட்டாளி தொங்கிய கயிற்றை அறுத்த மலையேறி சைமன் யேட்ஸும், அறுபட்டு விழுந்த அந்தக் கூட்டாளி ஜோ சிம்ப்சனும் கேமராவைப் பார்த்து நிதானமாகப் பேசுகிறார்கள். அடுத்த ஷாட்டில் அதையே நடிகர்கள் பனியில் நடித்துக் காட்டுகிறார்கள். ஆள் பிழைத்துவிட்டார் என்று தெரிந்தும் நமக்குக் கை வியர்க்கிறது. கதைப்படம் எடுக்கும் கையை அவர் அங்கேயே பழக்கிவிட்டார் என்பது என் கணிப்பு. சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான பாஃப்டா (பிரிட்டனின் திரைப்பட விருது)வும் அதற்குக் கிடைத்தது.

அப்புறம், 'ஒதுங்கினார்' என்பதும் சரியில்லை. பாடகர் பாப் மார்லி பற்றிய ஆவணப்படம் 'மார்லி' 2012, பாடகி விட்னி ஹூஸ்டன் பற்றிய ஆவணப்படம் 'விட்னி' 2018, கதைப்படமான 'தி மாரிட்டேனியன்' 2021. ஆவணப்படம், கதைப்படம் இரண்டையும் மாறி மாறித்தான் செய்துவருகிறார்.