காட்டுக்குக் களை எடுக்கிற ஊர்

மொரிஷியஸ் போயிட்டு வந்து பதினஞ்சு நாளாச்சு. யாரைப் பாத்தாலும் ஒரே கேள்வி: "எரிமலையப் பாத்தீங்களா?" இல்லைங்க. அது எரிமலை கக்கிப் போட்ட தீவுதான், ஆனா அடங்கிப் பல ஆயிரம் வருசமாச்சு. எரியற மலை வேணும்னா பக்கத்துல இருக்கற ரியூனியன் தீவுக்குப் போகணும். கியூர்பிப்ங்கற ஊருக்குள்ளயே பழைய எரிமலை வாய் ஒண்ணு இருக்கு. எட்டிப் பாத்தா சரிவெல்லாம் மரம், அடியில கொஞ்சம் தண்ணி. நம்ம பக்கம் தூர் வாராத குட்டை மாதிரி. பத்து நிமிசம் போதும். பணத்தாள்ல தமிழ் இருக்கறதையும் எல்லாரும் போட்டோ புடிச்சுப் போட்டாச்சு. நான் சொல்ல வந்தது வேற.

பொள்ளாச்சி, உடுமலையிலிருந்து ஆறு குடும்பம், அஞ்சு ராத்திரி. 'இயற்கையும் வனவிலங்கும்'னு நோட்டீஸ்ல இருந்ததை நம்பித்தான் பணம் கட்டினேன். போய்ப் பாத்தா மூணு நாள் ஸ்பீடு போட்டு, ஷாப்பிங். காட்டுக்குன்னு ஒதுக்கினது ரெண்டு மணி நேரம். ஏஜென்டுகிட்ட சண்டை புடிச்சு, நாங்க ரெண்டு குடும்பம் மட்டும் தனியா வண்டி வெச்சுக்கிட்டோம். அந்தக் கணக்கு இன்னும் தீரலை, அதை விடுங்க.

முதல் நாள் கிராண்ட் பாசின். அதுவும் எரிமலை வாய்தான், தண்ணி நின்னு ஏரியாயிருச்சு. அங்கத்த இந்துக்களுக்கு அது கங்கை. கரையெல்லாம் கோயில், குரங்கு. ஆழியார் செக்போஸ்ட்டைத் தாண்டினதும் நம்மாளுக கை தானா பொரி பாக்கெட்டைத் தேடும் பாருங்க, அதே மாதிரி நானும் ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் பிச்சுப் பிச்சுப் போட்டேன். சம்சாரம் வீடியோ எடுத்தா. புண்ணியம்னுதான் நினைச்சேன்.

அடுத்த நாள் பிளாக் ரிவர் கார்ஜஸ் காடு. 1994ல தேசியப் பூங்காவா அறிவிச்சது, 16,000 ஏக்கருக்கு மேல. கூட வந்த வழிகாட்டிப் பையனுக்கு முன்னோர் தமிழ்நாடு. தமிழ் வராது, அந்த ஊர்ப் பேச்சான கிரியோல்தான். இங்கிலீசுல பேசினோம். வீடியோவைக் காட்டினேன். சிரிக்கலை. "இந்தக் குரங்குதான் எங்க புறா முட்டையக் குடிக்குது"ன்னான்.

அதுக்கப்புறம் அந்தக் காட்டுக்குள்ள ஒரு விசயம் கவனிச்சேன். எனக்கு அடையாளம் தெரிஞ்சது எல்லாம் அவனுக்குத் தொந்தரவு. கொண்டைக்குருவி கத்துச்சு. நம்ம தோட்டத்துல கறிவேப்பிலைச் செடியில வந்து உக்காருமே, அதே செம்மீசைக்காரன். ஆசையாக் காட்டினேன். 1892ல இந்தியாவுலிருந்து வந்ததாம். கண்ட பழத்தையும் தின்னு களை விதையைக் காடு பூரா தூவுதுன்னான். கீரி ஓடுச்சு. எலியை ஒழிக்க 1900ல நம்ம நாட்டுலிருந்து கொண்டு போய் விட்டது. எலி அப்படியே இருக்கு, குருவிக்குத்தான் ஆபத்து. மான் 1639ல டச்சுக்காரன் ஜாவாவுலிருந்து இறக்கினது. நம்ம பச்சைக்கிளியும் அங்க குடியேறி, அவங்க கிளியோட மரப்பொந்துக்குப் போட்டி போடுது. மைனா, உண்ணிச்செடி... கேக்கவே வேண்டாம்.

கொய்யாதான் பெரிய கூத்து. சின்னதா, செவப்பா, இலந்தைப்பழத்தை விட கொஞ்சம் பெருசு. மே மாசம், மரம் பூரா பழம். உள்ளூர் சனம் பை பையாப் பறிச்சுட்டுப் போறாங்க. நானும் நாலு தின்னேன், புளிப்பும் இனிப்புமா நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தக் கொய்யா மொளைச்ச இடத்துல வேற நாத்து எந்திரிக்க முடியறதில்லை. நெல்லு நாத்து விட்ட மாதிரி அவ்வளவு நெருக்கம். தீவோட சொந்தக் காடு நல்லபடியா மிஞ்சினது நூத்துக்கு ரெண்டு பங்கு கூட இல்லை.

அதுக்கு அவங்க என்ன பண்றாங்கன்னா, காட்டுக்குள்ள ஒரு துண்டைப் பிரிச்சு, பன்னியும் மானும் நுழையாம வேலி போட்டு, ஆளு விட்டுக் கொய்யா நாத்தைக் கையால புடுங்கறாங்க. நாலஞ்சு பேர் வரிசையா குனிஞ்சு போய்க்கிட்டிருந்தாங்க, நம்ம வெங்காயக் காட்டுல பொம்பளையாளுக போற மாதிரியே. பின்னாடி வேர் மேல பாக்கக் கெடந்த நாத்துக் கட்டு. காட்டுக்குக் களை எடுப்பாங்கன்னு எங்கப்புச்சிகிட்டச் சொன்னா நம்பியிருக்க மாட்டாரு. ஒரு தடவை எடுத்தா முடிஞ்சதாங்கறேன். குருவி எச்சம் போடற வரைக்கும் எடுக்கணுமாம். தோப்பு வெச்சிருக்கறவனுக்கு இது புரியும். 2016ல எங்க பொள்ளாச்சித் தென்னையில சுருள் வெள்ளை ஈ இறங்குச்சே, அது எந்த நாட்டுச் சரக்கோ, இன்னும் ஓலையடியில உக்காந்துக்கிட்டுத்தான் இருக்கு.

(இதைக் கொண்டு போய் மனுசனுக்குப் பொருத்தற ஆளுக கமெண்டுக்கு வருவீங்க. வேண்டாம். அந்தத் தீவுல பூர்வகுடின்னு மனுசன் யாருமே கிடையாது. எல்லாரும் கப்பல்ல போனவங்க, நம்ம சனம் உட்பட.)

அந்தப் பையன் சொன்ன புறாவைப் பாத்தோம், அந்தத் தீவுக்கே சொந்தமான இனம். ரோஸ் நிறம்னு பேரு, பாத்தா பால் கலந்த தேத்தண்ணி மாதிரி இருக்கு, வால் மட்டும் செங்கல் பொடி. கால்ல கலர் கலரா வளையம். ஒவ்வொரு புறாவுக்கும் கணக்கு இருக்கு. 1991 வாக்குல காட்டுல பத்துப் புறாதான் மிச்சம். இன்னைக்கு நானூறுக்கு மேல. அவங்க வல்லூறோட நிலைமை இதை விட மோசம். 1974ல கண்ணுக்குத் தெரிஞ்சது நாலே நாலு. 1979ல வந்த கார்ல் ஜோன்ஸ்ங்கற பறவை ஆராய்ச்சிக்காரர், கூட்டுலிருந்து முட்டையை எடுத்துச் செயற்கையா அடை வெச்சாரு. முட்டை போச்சுன்னா தாய் மறுபடி இடும், நம்ம கோழிக்குப் பண்ற அதே சூட்சுமம். எலிக்கு மருந்து, பொறி, கூட்டுக்குப் பெட்டி, வேளாவேளைக்குத் தீனி. வல்லூறு எங்க கண்ணுல படலை.

ஒண்ணு மட்டும் இன்னும் மனசுல உறுத்துது. அந்தக் கடைசிப் பத்துப் புறாவும் கூடு வெச்சு உசுரைப் புடிச்சுக்கிட்டிருந்தது, யாரோ கொண்டாந்து நட்ட ஜப்பான் சீடர் தோப்புல. சொந்த மரத்துல இருந்ததை விட அங்க எலி, குரங்கு தொல்லை கம்மி. வந்தேறி மரம்தான் காப்பாத்தியிருக்கு.

மொரிஷியஸ் கரையோரமா இருக்கற எக்ரெட்ங்கற குட்டித் தீவு பத்திச் சுருக்கமாச் சொல்றேன். 26 ஹெக்டேர், பவளச் சுண்ணாம்புப் பாறை. அழிஞ்சு போன அவங்க ஆமைக்குப் பதிலா சீஷெல்ஸ் நாட்டு அல்டாப்ரா தீவுலிருந்து ராட்சச ஆமை கொண்டாந்து விட்டிருக்காங்க. அது பழம் தின்னு கருங்காலி விதையைப் பரப்புது. கருங்காலியைத்தான் டச்சுக்காரன் வெட்டி வெட்டி ஏத்துமதி பண்ணினது. இதை அந்தப் பையன் சொல்லச் சொல்ல, கூட வந்த மச்சான் கழுத்துல கருங்காலி மாலை. சட்டை பட்டனை மெதுவா மேல வரைக்கும் போட்டுக்கிட்டாரு. அவரே திரும்பி வரும்போது கேட்டாரு: "ஏனுங் மாப்ள, இத்தனை காசு போட்டு ஒரு புறா, ரெண்டு ஆமைதானுங்களா?" எனக்கு அதே காசுக்கு அதுவே நிறைவு. வனவிலங்குச் சுற்றுலான்னா எத்தனை தலைன்னு எண்றது நம்மகிட்ட ஒரு வியாதி.

அவங்களை உத்தமங்கன்னு சொல்ல வரலை. லிச்சியும் மாங்காயும் தின்னுதுன்னு அந்த ஊர் அரசாங்கமே 2015லிருந்து பழந்தின்னி வௌவாலை ஆயிரக்கணக்குல சுட்டுத் தள்ளியிருக்கு. வேற எங்கயும் உருப்படியா மிஞ்சாத இனம், காட்டு விதையைப் பரப்பற இனம். 2018ல, அழியற ஆபத்துல இருக்கற இனங்களோட உலகப் பட்டியல்ல அதோட நிலை இன்னும் ஒரு படி மோசமாயிருச்சு. கோவமா வந்துச்சு. அப்புறம் நம்ம ஊரை நினைச்சுப் பாத்தேன். நெலக்கடலை போட்டவன்கிட்ட மயிலைப் பத்திக் கேட்டுப் பாருங்க. மக்காச்சோளக் காட்டைப் பன்னி ஒரே ராத்திரியில உழுதுட்டுப் போனதுக்கு மனுக் குடுத்து அலைஞ்சவன்கிட்டக் கேட்டுப் பாருங்க. நஷ்டம் பூராவும் வெள்ளாமை பண்றவன் தலையில, பெருமை பூராவும் போஸ்டர்லன்னா எந்த ஊர்லயும் துப்பாக்கிதான் பேசும். லிச்சி மரத்துக்கு வலை போட மானியம் குடுக்கறதுல ஒரு நியாயம் இருக்கு. அந்த மாதிரிச் செலவை நம்ம பக்கம் யாரும் கணக்குலயே சேக்கறதில்லை.

ஆனைமலையிலயும் உண்ணி மண்டிக் கெடக்கு. முதுமலையில வந்தேறி மஞ்சக்கொன்றையை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பறாங்க, நல்ல வேலை. அதுக்கு லாரி லாரியா ஆளு வேணும், வருசா வருசம் கூலி வேணும். காட்டு மேல பாசம்னு சொல்லிக் குரங்குக்குப் பொரி வாங்கற காசு, உண்மையில போக வேண்டிய எடம் அதுதான். நான் போட்ட அந்த வாழைப்பழ வீடியோவை அழிச்சுட்டேன், சம்சாரம் மட்டும் ஸ்டேட்டஸ்ல வெச்சிருக்கா.

அடுத்த வாரம் தோப்புல களையெடுப்பு, ஆளுக்குச் சொல்லியாச்சு. மோட்டார் ரூமுக்குப் பின்னாடி உண்ணிப் புதர் ஒண்ணு ஆள் உசரத்துக்கு நிக்குது. நேத்து கொடுவாளோட போனா, உள்ளுக்குள்ள கொண்டைக்குருவிக் கூடு, ரெண்டு முட்டை. அதை மட்டும் விட்டுட்டுப் பாக்கியை எடுக்கச் சொல்லியிருக்கேன். குஞ்சு பறந்ததுக்கப்புறம் பாத்துக்கலாம்.