ஓடத் தெரியாதவளும் ஓடும் பள்ளி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் பக்கத்துச் சின்ன இடைநிலைப்பள்ளி ஒன்றின் ஓராண்டு வகுப்பு நடவடிக்கைகளைப் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. மே 16 ஆசிரியர் தினத்தில் மாணவர்களே பாடம் நடத்தியது, ஆகஸ்டில் வகுப்பறைக்குக் கொடி கட்டியது, கேண்டீன் தினம், இதெல்லாம் சரி, எல்லாப் பள்ளியிலும் உண்டு. எனக்குப் பிடித்தது, மாணவர்களை இல்லங்கள் என்ற அணிகளாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டிதான். பிள்ளைகள் குறைவு என்பதால் காலையில் 400 மீட்டர் ஓடியவனே மதியம் கயிறும் இழுக்கிறான், ஓடவே தெரியாதவளும் அஞ்சல் ஓட்டத்தில் நின்றாக வேண்டியிருக்கிறது. ஜார்ஜ்டவுனில் என் மகள் படிக்கும் பெரிய பள்ளியில் பாதிப் பேருக்குக் கூடாரத்தில் உட்கார்ந்து கைதட்டுவதோடு வேலை முடிந்தது!

ஒன்று மட்டும் கட்டுரையில் விடுபட்டுவிட்டது. இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்து அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பெண்ணில் 10 விழுக்காடு விளையாட்டு, சங்கம் போன்ற புறப்பாடத்துக்குப் போகிறது, அதில் மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று மேலே போகப் போகத்தான் புள்ளி ஏறும். மாலைப் பயிற்சி முடிந்தால் வீட்டுக்குப் பேருந்து இல்லாத பிள்ளை எப்படி அங்கே போவான்? அப்பா தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போகும் வீடுகளில் மோட்டாரில் ஏற்றிவரக்கூட ஆள் இருக்காது. பல இடங்களில் ஆசிரியர்களே தங்கள் காரில் கொண்டுபோய் விடுகிறார்கள், பெட்ரோல் காசும் அவர்களுடையதுதான். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு வேனாவது வாடகைக்கு எடுக்கலாமே. அப்புறம், கட்டுரையோடு வந்த அந்தப் பொங்கல் படத்தில் பானை வைத்திருக்கும் அடுப்பு யார் கட்டியது? பிரமாதம்.