சோலைவரி கேட்கும் சபை கணக்கையும் காட்ட வேண்டும்

வீடு, கடை போன்ற ஆதனங்களுக்கு உள்ளூராட்சி சபைகள் அறவிடும் சோலைவரியை, ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஜனவரி 31ஆம் திகதிக்கு முன்னர் செலுத்தினால் 10 வீதக் கழிவு கிடைக்கும். காலாண்டுக்குக் காலாண்டு செலுத்துபவர் அந்தக் காலாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 வீதம் கழியும். இலங்கையின் மலையக நகரங்களில் வசிக்கும் எல்லோருக்கும் இது தெரிந்த விடயம். அந்தப் பணம் பிறகு எங்கே போகிறது என்பதுதான் தெரியாது. நிலுவை பெருகிவிட்டது, ஆகையால் வேலை எதுவும் செய்ய முடியவில்லை என்று சபைகள் சொல்கின்றன. வேலை எதுவும் நடக்கவில்லை, ஆகையால் ஏன் கட்ட வேண்டும் என்று மக்கள் கேட்கிறார்கள். வரி கட்டாமல் இருப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் இந்த முடிச்சை முதலில் அவிழ்க்க வேண்டியது சபைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வரி கணக்கிடப்படும் முறை அவ்வளவு சிக்கலானதன்று. ஒரு வீட்டையோ கடையையோ வாடகைக்கு விட்டால் ஓராண்டில் என்ன கிடைக்கும் என்பதை அடிப்படையாக வைத்து வருடாந்தப் பெறுமதி தீர்மானிக்கப்படுகிறது. அதில் ஒரு வீதத்தைச் சபை வரியாக அறவிடுகிறது. உதாரணமாக, வருடாந்தப் பெறுமதி 60,000 ரூபாய், வரி 5 வீதம் என்றால், ஆண்டுக்கு 3,000 ரூபாய், காலாண்டுக்கு 750 ரூபாய். ஜனவரியில் மொத்தமாகக் கட்டக்கூடியவருக்கு 300 ரூபாய் மிஞ்சும். சேமலாப நிதிப் பணத்தில் நகர எல்லையில் ஒரு சிறு வீட்டை வாங்கிக் குடியேறிய ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியின் குடும்பம், தைப்பொங்கலும் பாடசாலைச் செலவும் ஒன்றாக வரும் அந்த மாதத்தில் 2,700 ரூபாயை எடுத்து வைப்பது இலகுவன்று. மதிப்பீடுகளோ உரிய காலத்தில் புதுப்பிக்கப்படுவதில்லை. பழைய பெறுமதியிலேயே ஒரு மாடி மூன்று மாடியாகிறது, வீடு விடுதியாகிறது, பட்டியலில் மட்டும் அது இன்னும் பழைய வீடாகவே இருக்கிறது. மதிப்பீடு தாமதமாவதால் இலாபமடைபவர் பெரிய கட்டடத்தின் சொந்தக்காரரே அன்றி அந்தத் தொழிலாளியின் குடும்பமன்று.

எங்கள் நகரில் வீட்டுக்கு வரும் வரிப் பத்திரத்தில் வரி இலக்கம், வருடாந்தப் பெறுமதி, காலாண்டுத் தொகை, முன்னைய நிலுவை ஆகியன இருக்கின்றன. பத்திரத்தின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. கடந்த ஆண்டு சோலைவரியாக எவ்வளவு கிடைத்தது, சந்தைக் கட்டடக் கடை வாடகையாக எவ்வளவு கிடைத்தது, சம்பளத்துக்கும் குப்பை அகற்றுவதற்கும் தெருவிளக்குக்கும் வடிகானுக்கும் எவ்வளவு போனது என்று அந்தப் பக்கத்தில் பத்து வரிகளை அச்சிட்டால் சபைக்கு மேலதிகச் செலவு என்று சொல்ல எதுவுமில்லை. நிலுவையையும் அவ்வாறே வகைப்படுத்திக் காட்டலாம்: குடியிருப்புகள் எவ்வளவு, விடுதிகளும் வர்த்தக நிலையங்களும் எவ்வளவு, அரச நிறுவனங்கள் எவ்வளவு, சபையின் சொந்தக் கடைகளைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் எவ்வளவு. சிறு வீட்டுக்காரருக்குச் சிவப்பு அறிவித்தல் அனுப்புவதற்கு முன்னர் இந்த நான்கு தொகைகளும் ஊருக்குத் தெரிய வேண்டும்.

சபையின் வருடாந்த வரவு செலவுத் திட்டமான பாதீட்டின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. வரைவுப் பாதீட்டைப் பொதுமக்கள் பார்வையிடுவதற்குச் சட்டம் இடமளிக்கிறது. நடைமுறையிலோ, அறிவித்தல் பலகையின் ஓரத்தில் ஒட்டப்பட்ட ஒரு தாளோடு அந்தக் கடமை முடிந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த உறுப்பினர் ஒருவரின் கையில் கடந்த பாதீடு வாக்கெடுப்புக்கு முதல் நாள் மாலையில்தான் கிடைத்தது. தலைப்புகள் மட்டுமே தமிழில் இருந்தன, உள்ளே எல்லாம் சிங்களம். அவர் எதை வாசித்து, எதைக் கேட்டு, எதற்குக் கையுயர்த்தியிருப்பார்? தமிழ் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் கூறும் நாட்டில், தமிழர் பெருவாரியாக வாழும் ஒரு நகரத்தின் பாதீடு தமிழில் முழுமையாக இல்லாதிருப்பதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வரவுப் பக்கத்தையும் கவனிக்க வேண்டும். பல ஆண்டுகளாக வராத நிலுவை முழுவதும் இவ்வாண்டு வந்துவிடும் என்று எழுதிவிட்டால் எந்தப் பாதீடும் சமப்பட்டுவிடும். பணம் வராதபோது முதலில் கைவிடப்படுவது ஒழுங்கைகளுக்கான கொங்கிரீட்டும் வடிகானுமே.

சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்த பின்னர், 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை, மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர்கள் இல்லாமல் அதிகாரிகளே நிர்வாகத்தை நடத்தினார்கள். அந்தக் காலத்தின் வரவு செலவை இப்போதைய உறுப்பினர்கள் முழுமையாகப் பரிசீலித்தார்களா என்ற கேள்வியை ஒவ்வோர் ஊரிலும் கேட்க வேண்டும்.

தோட்டங்களைப் பற்றிப் பேசாமல் மலையகத்தில் இந்த விடயத்தைப் பேச முடியாது. தோட்டத்து மக்கள் வரி கட்டுவதில்லை, ஆகவே சபையிடம் கேட்க அவர்களுக்கு என்ன இருக்கிறது என்ற பேச்சைப் படித்தவர்களின் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். அது நியாயமற்ற பேச்சு. தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயன் அறைக்குக் காணி உறுதி இல்லை. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது. தன் பெயரில் ஓர் அடி நிலம் இல்லாதவரிடம் எந்த ஆதனத்துக்கு வரி கேட்பது? பிரதேச சபைகள் பயிர்ச்செய்கை நிலங்களுக்கு ஏக்கர் வரி அறவிடலாம். அந்த நிலத்துக்குப் பெறுமதி சேர்ப்பது அந்த மக்களின் உழைப்பு. சபைக்கு நீதிமன்றத் தண்டப்பணமும் முத்திரைத் தீர்வையும் அரச நிதியும் வருகின்றன; அவற்றில் எல்லோருக்கும் பங்குண்டு. நகரத்துக் கடைகள் வாடகை கட்டுவதும் சம்பள நாளில் தோட்டத்திலிருந்து இறங்கி வரும் மக்களின் காசில்தான். தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாகக் காட்டப்பட்டுவந்த பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டாக இருந்த பிரதேச சபைகளும் அதே ஆண்டுத் தேர்தலோடு ஆறாகின. சபை அருகில் வந்துவிட்டது, சட்டமும் திறந்துவிட்டது; ஆனால் தோட்டத்துக்கென்று ஒதுக்கப்பட்ட தொகையில் ஆண்டு முடிவில் உண்மையில் எவ்வளவு செலவானது என்பது அந்தத் தோட்டத்தில் எவருக்கும் தெரிவதில்லை.

கேட்பதற்கு வழியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும், காரணம் கேட்க அவருக்கு உரிமையில்லை. உள்ளூராட்சி சபைகள் பற்றிய கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளையும் எவரும் வாசிக்கலாம். அறவிடப்படாத வாடகையும் செலவிடப்படாத ஒதுக்கீடும் அவற்றில்தான் வெளிப்படும்.

எங்கள் சபையிடம் நிலுவைப் பட்டியலையும், 2023 முதல் 2025 வரையான வரவு செலவையும், வரைவுப் பாதீட்டின் முழுத் தமிழ்ப் பிரதியையும் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பித்திருக்கிறேன். கிடைப்பவற்றை இதே பக்கத்தில் பதிவேற்றுவேன். மற்ற நகரங்களிலும் தோட்டங்களிலும் இருக்கும் நண்பர்கள் தங்கள் சபையிடமும் கேட்க விரும்பினால் கடிதத்தின் மாதிரியை அனுப்பி வைக்கிறேன். உங்கள் சபையின் பெயரையும் திகதியையும் மாற்றினால் போதும்.