நான் விலையைத்தான் கேட்டேன்

மூன்று நாட்களுக்கு முன் நான் எழுதிய பதிவைப் படித்தவர்களுக்கு நடந்ததை மறுபடி சொல்ல வேண்டியதில்லை. படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு கைக்கடிகாரக் கடையில் கடிகாரம் ஒன்றின் விலையைக் கேட்டேன், விற்பனைப் பெண் என் உடையைப் பார்த்து, தொகையைச் சொல்லாமலே அனுப்பிவிட்டார். என் சாயம்போன சட்டை, ரப்பர் செருப்பு, "அது விலை அதிகம்" என்ற அந்தப் பதில். அத்தோடு விட்டுவிடத்தான் நினைத்தேன். பின்னூட்டங்களைப் படித்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தேன். நேற்று மாலை வந்த தொலைபேசி அழைப்புக்குப் பிறகு முடியவில்லை.

அழைத்தவர் அந்தக் கடையின் மேலாளர். என் பதிவை யாரோ அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். பணிவாகப் பேசினார், வருத்தம் தெரிவித்தார், மீண்டும் வாருங்கள், நானே உடனிருந்து காட்டுகிறேன் என்றார். அவர் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் பேச்சுக்கு நடுவே ஒரு வாக்கியம் சொன்னார்: "நீங்கள் யார் என்று தெரியாமல் நடந்துவிட்டது."

நான் யார்? மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற ஆள். நான்கு வரி எழுதினால் சிலர் படிக்கிறீர்கள், அவ்வளவுதான். அவருக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது. அப்படியானால் நான் எதுவும் எழுதாத, யாருக்கும் தெரியாத, அந்தக் கடிகாரத்தை எந்தக் காலத்திலும் வாங்க முடியாத ஒருவராக இருந்திருந்தால், அன்றைக்கு நடந்தது சரியாகிவிடுமா? அந்த மன்னிப்பின் பொருள் அதுதானே? ஆள் தெரியாமல் அவமதித்துவிட்டோம், வேறு ஆளாக இருந்தால் பரவாயில்லை.

அன்று நடந்ததில் ஒன்றை முதல் பதிவில் சரியாகச் சொல்லவில்லை. நான் வீடு மாற்றிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து சாமான்களை ஏற்றி இறக்கிவிட்டு, வழியில் அந்தக் கடையைப் பார்த்ததும், அக்காவின் ஐம்பதாவது பிறந்தநாள் நினைவுக்கு வந்து உள்ளே போனேன். கண்ணாடிப் பேழைக்குள் இருந்த ஒன்றைக் காட்டி, "இது என்ன விலை?" என்று கேட்டேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்தார். பிறகுதான், "அது விலை அதிகம். குறைந்த விலையில் அந்தப் பக்கம் இருக்கிறது, பாருங்கள்" என்றார். எவ்வளவு அதிகம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தொகையை அவர் சொல்லவே இல்லை. நான் கடிகாரத்தின் விலையைக் கேட்டேன், அவர் என் விலையைச் சொல்லி அனுப்பினார். தொகையைச் சொல்லியிருந்தால், வாங்கலாமா வேண்டாமா என்று நானே முடிவு செய்திருப்பேன். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கவும் கூடும். அந்த முடிவை எடுக்கும் உரிமையைத்தான் அவர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

பின்னூட்டத்தில் நிறையப் பேர் எனக்கு ஆறுதலாகக் கதைகள் சொல்லியிருக்கிறீர்கள். கந்தல் உடையில் வந்து விரட்டப்பட்ட கோடீஸ்வரர், மறுநாள் பணப்பெட்டியோடு வந்து கடையில் இருந்த எல்லாவற்றையும் வாங்கிக் காட்டினாராம். அன்பினால் சொன்னீர்கள், தெரியும். ஆனால் எனக்கு அந்தக் கதைகள் பிடிக்கவில்லை. அவற்றில் விற்பனையாளர் செய்த தவறு என்ன? பணக்காரரை ஏழை என்று தப்பாகக் கணித்துவிட்டார், அவ்வளவுதான். அவர் உண்மையிலேயே ஏழையாக இருந்திருந்தால் அந்தக் கதையை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். விரட்டப்பட்டு வீட்டுக்குப் போனவரைப் பற்றிச் சொல்ல மறுநாள் என்று ஒன்று இல்லை.

உலகப் புகழ்பெற்ற அமெரிக்கக் கறுப்பினத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே 2013இல் சொன்னது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சூரிச் நகரில் ஒரு கடையில் கைப்பை ஒன்றைக் காட்டச் சொன்னபோது, அது மிகவும் விலை உயர்ந்தது என்று சொல்லி விற்பனையாளர் வேறு பைகளைக் காட்டினார் என்று அவர் தொலைக்காட்சியில் சொன்னார். அங்கே நிறவெறி பற்றிய கேள்வியும் சேர்ந்திருந்தது, என் அனுபவத்தை அதற்குச் சமமாக வைக்க மாட்டேன். அந்த விற்பனையாளர் குற்றச்சாட்டை மறுத்தார். கடை உரிமையாளர் அதைத் தவறான புரிதல் என்றார். பிரச்சினை இவ்வளவு பெரிதாகிவிட்டதே என்று ஓப்ராவே பிறகு வருத்தப்பட்டார். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் சுவிட்சர்லாந்தின் சுற்றுலா அமைப்பே அவரிடம் மன்னிப்புக் கேட்டது. ஏன்? அவர் ஓப்ரா என்பதால். அதே பதிலைக் கேட்டு அதே போன்ற கடைகளிலிருந்து வெளியேறிய பெயர் தெரியாத பெண்களிடம் எந்த அமைப்பு மன்னிப்புக் கேட்டது?

அடுத்தது, "ஆள் பாதி ஆடை பாதி". இந்தப் பழமொழியை மட்டும் பதினோரு பேர் எழுதியிருக்கிறீர்கள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போயிருக்கலாமே என்று இன்னும் சிலர். திருமணத்துக்குப் போனால் அதற்கேற்ப உடுத்துவேன், நேர்காணலுக்குப் போனாலும் உடுத்துவேன். அங்கெல்லாம் நான் இன்னொருவரின் அழைப்பில் போகிறேன். கடைக்கு நான் என் பணத்தோடு போகிறேன். என்னை விற்க அங்கே போகவில்லை.

அதோடு, இதில் உண்மையில் ஆடைதான் பிரச்சினையா என்றே எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க் பல ஆண்டுகள் ஒரே மாதிரியான சாம்பல் நிற டி-ஷர்ட்டில் வலம்வந்தபோது அதை எளிமை என்று கொண்டாடினோம். ஹார்வர்ட் வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் மிலான் நகரில் நடத்திய ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. உடற்பயிற்சி உடையில் வருகிற பெண், நேர்த்தியான உடையும் ரோமக் கோட்டும் அணிந்து வருகிற பெண், இருவரில் யார் பெரிய வாடிக்கையாளர் என்று ஆடம்பரக் கடை ஊழியர்களிடமும் பொதுவான பெண்களிடமும் கேட்டிருக்கிறார்கள். பொதுவானவர்கள் கோட்டு அணிந்தவரை உயர்த்திச் சொன்னார்கள். கடை ஊழியர்களோ உடற்பயிற்சி உடையில் வருபவரைத்தான் உயர்வாக மதிப்பிட்டார்கள். இப்படி வரத் துணிகிறவர் பெரிய ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

இதைக் காட்டி, "பார்த்தீர்களா, அவர்கள் ஆடையைப் பார்ப்பதில்லை" என்று ஒரு நண்பர் எனக்கு விளக்கம் எழுதியிருக்கிறார். நண்பரே, எனக்கு இது இன்னும் வலிக்கிறது. அலட்சியமாக உடுத்தும் பணக்காரரையும், வேறு உடை இல்லாததால் அப்படி உடுத்துகிறவரையும் அவர்கள் பிரித்துப் பார்க்கப் பழகியிருக்கிறார்கள் என்றுதானே இதற்குப் பொருள்? செருப்பு எந்த நிறுவனத்தினுடையது, நடையில் தயக்கம் இருக்கிறதா, விலையைக் கேட்கும்போது குரல் இறங்குகிறதா, இதெல்லாம் பார்க்கிறார்கள். என் குரல் இறங்கியிருக்கும். அத்தகைய கடைகளில் எனக்கு எப்போதும் இறங்கும். அதை அந்தப் பெண் கேட்டிருக்கிறார்.

"பாவம், விற்பனையாளர் என்ன செய்வார், அவருக்கும் டார்கெட் இருக்கிறது" என்பவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாத உலகம் இல்லை அது. படிப்பு முடிந்து வேலை கிடைக்கும்வரை இரண்டு ஆண்டுகள் நானும் ஒரு பெரிய துணிக்கடையில் கவுன்டருக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். உட்கார இருக்கை கிடையாது. மாலையானால் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிடும். கமிஷன் வந்தால்தான் அந்த மாதம் ஓடும். சேர்ந்த முதல் வாரத்திலேயே மேற்பார்வையாளர் சொல்லிக்கொடுத்தார்: "காலைப் பார், பிறகு கையைப் பார், கடைசியாக முகத்தைப் பார்." காலில் செருப்பு, கையில் கடிகாரம். முகம் வரைக்கும் போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. வாங்கப்போகிறவர், சும்மா பார்க்க வந்தவர் என்று இரண்டே சாதிதான் அங்கே. பார்க்க வந்தவரிடம் பத்து நிமிடம் செலவழித்தால், வாங்குகிறவர் பக்கத்துக் கவுன்டருக்குப் போய்விடுவார், கமிஷனும் அவரோடு போய்விடும்.

நானும் அதைச் செய்திருக்கிறேன். ஒரு பெரியவர் வந்து மேல் தட்டில் இருந்த பட்டுத் துணியைக் காட்டச் சொன்னார். நான் எடுக்கவில்லை. "அது உங்களுக்குச் சரிவராது ஐயா, இதைப் பாருங்கள்" என்று கீழே இருந்ததை எடுத்துப் போட்டேன். அவர் எதுவும் சொல்லவில்லை. துணியின் ஓரத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் இத்தனை ஆண்டுகளில் மறந்திருப்பேன். ஆகவே அந்தக் கடிகாரக் கடைப் பெண்ணை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறவர்களே, தயவுசெய்து அந்தப் பின்னூட்டங்களை எடுத்துவிடுங்கள். அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் இருக்கிறார், அதற்கு ஊக்கத்தொகை வைத்தவரும் இருக்கிறார். ஆனாலும் ஒன்று சொல்வேன். டார்கெட் என்பது அவரை அவசரப்படுத்தலாம். "அது விலை அதிகம்" என்பதும் "அதன் விலை இவ்வளவு" என்பதும் சொல்வதற்கு ஒரே நேரம்தான் ஆகும். மரியாதைக்குக் கூடுதலாக ஒரு நொடி கூடத் தேவைப்பட்டிருக்காது.

வியாபாரம் படித்த ஒருவர் எழுதியிருந்ததையும் விட்டுவிட மனமில்லை. ஆடம்பரப் பொருளை விற்க அந்த அலட்சியமும் ஒரு உத்தியாம். அவர் சொல்லும் ஆய்வை நானும் படித்தேன். மார்கன் வார்ட், டேரன் டால் என்ற இரண்டு சந்தைப்படுத்தல் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டது. தாம் ஏங்கும் ஒரு பெரிய பிராண்டின் விற்பனையாளர் தம்மை ஒதுக்கினால், சிலருக்கு அந்தப் பொருளின் மீது ஆசை கூடுகிறது என்பது உண்மைதான். சாதாரணக் கடைகளில் அப்படி நடக்கவில்லை. ஆனால் அதே ஆய்வில், இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோது அந்த ஆசை வெகுவாகக் குறைந்திருந்தது என்பதையும் சொல்லியிருக்கிறார்கள், அதை நீங்கள் எழுதவில்லை. சரி, ஆசை குறையாமலே இருந்தாலும்தான் என்ன? ஒரு மனிதரைச் சிறுமைப்படுத்தினால் வியாபாரம் கூடுகிறது என்று நிரூபித்துவிட்டால், சிறுமைப்படுத்தலாம் என்று ஆகிவிடுமா? இதை எப்படி அமைதியாக உட்கார்ந்து எழுத முடிகிறது?

திருட்டுப் பயம் என்கிறார்கள் சிலர். விலையைச் சொன்னால் என்ன திருடிவிடுவேன்?

"சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் இருக்கும் உலகத்தில், விலை உயர்ந்த கடிகாரம் வாங்கப் போன உங்கள் மனக்குறை ஒரு பிரச்சினையா?" என்று கேட்டவர் எனக்குத் தெரிந்தவர், மதிப்புக்குரியவர். அதனால்தான் அதிகம் வலித்தது. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அவருக்காகச் சொல்கிறேன்.

பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்ததற்காக அம்மா எனக்கு ஒரு பேனா வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாள். சாதாரணப் பேனா இல்லை, மூடியில் தங்க நிறக் கொக்கி வைத்தது. வேலை முடிந்து நேராக வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தக் கடைக்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர்சாதனம். வாசலில் வந்ததும் அம்மா நின்றுவிட்டாள். "நீ உள்ளே போய் விலை கேட்டுவிட்டு வா. நான் இங்கேயே நிற்கிறேன்" என்றாள். கால் வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் உள்ளே போனேன். பள்ளிச் சீருடையில் இருந்த பையன்தானே, யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. விலையைக் கேட்டு ஓடிவந்து சொன்னேன். முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்தாள். பணம் இருந்தது. சரியாக இருந்தது. வாங்கும் பொருளுக்கு முழுப் பணம் கையில் இருந்தும் அவள் உள்ளே வரவில்லை. அவளுடைய செருப்பு வார் அறுந்து, அதில் ஊக்குப் போட்டிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

அவளை யாரும் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லாமல் போயிருந்தது. முகம் திரிந்த பார்வைகளை அதற்கு முன்பே எங்கெங்கோ வாங்கி, வாசலிலேயே நின்றுவிடப் பழகியிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறவர்கள் எந்தப் பின்னூட்டத்திலும் வர மாட்டார்கள். எந்த மேலாளரும் அவர்களை அழைத்து, நீங்கள் யார் என்று தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டார். என் கடிகாரத்துக்காக நான் இத்தனை நீளம் எழுதவில்லை, ஐயா.

என்னால் அந்தச் சாயம்போன சட்டையோடு உள்ளே போக முடிந்ததே ஒரு தலைமுறைத் தூரம். அம்மா வாசலில் நின்றாள், நான் கவுன்டர் வரை போய்விட்டேன். அங்கே போன பிறகும் செருப்பைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள் என்றால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

மேலாளரிடம் நான் மீண்டும் வரவில்லை என்று சொன்னேன். அந்தப் பெண் மீது நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். பேழையில் இருக்கும் ஒவ்வொரு கடிகாரத்துக்கும் பக்கத்தில் ஒரு சிறிய அட்டையில் விலையை எழுதி வைப்பீர்களா என்று கேட்டேன். யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிராது, யாரும் யாரையும் எடை போட வேண்டியிராது. அப்படி வைப்பது எங்கள் வழக்கம் இல்லை என்றார். உங்கள் வேண்டுகோளை மேலிடத்துக்குத் தெரிவிக்கிறேன் என்றும் சொன்னார்.

இன்று காலை அக்கா என் பழைய பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். மதியம் அம்மா அழைத்தாள். வீடு மாற்றி முடித்தாயா, முதுகு வலி எப்படி இருக்கிறது என்றெல்லாம் விசாரித்தாள். வைக்கும் முன் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருக்கலாமே, கண்ணா."

உங்கள் எல்லோருக்கும் பதில் எழுதிவிட்டேன். அவளிடம் சரி அம்மா என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.